சிவலையனின் விரதமும் என் மயக்கமும்

விரதம் பிடிப்பதில் நான் கெட்டிக்காரன். (வேறெந்தக் கெட்டித்தனமும் என்னிடம் இருப்பதாக என் மனைவி பொன்னம்மா ஒப்புக்கொள்வதில்லை.) அந்தத் துணிச்சலில் ஒருமுறை எங்கள் மாட்டுக்கும் விரதம் பிடித்துக் கொடுத்தேன்.

எங்கள் உழவு மாடு சிவலையனின் கொம்படியில் கட்டி வந்து அழுகத் தொடங்கியிருந்தது. இறைச்சிக்குக் கொடுத்துவிடு என்று புத்தூரில் பாதிப்பேர் சொன்னார்கள். பொன்னம்மா அழுதாள். எனக்கும் மனம் வரவில்லை. பட்டணத்திலிருந்து மாட்டு டாக்குத்தரைக் கூட்டிவந்தேன். அவர் குருநகர் வேதக்காரர், கிறிஸ்தவர்; சிரிக்காமல் பகிடி விடுகிறவர்.

“கொம்பை அறுத்தால் மாடு தப்பும். நாளைக்குக் காலமை குளோரபோம் குடுத்து மயக்கித்தான் அறுக்கவேணும். இண்டைக்குப் பின்னேரத்திலை இருந்து ஒரு வைக்கல் துரும்பும் காட்டாதையுங்கோ. வயிறு நிரம்பியிருந்தால், மயக்கத்திலை திண்டது மேலை வந்து மூச்சுக்குழலுக்குள்ளை போயிடும். பிறகு மாடு இல்லை. விளங்கிச்சோ?”

“ஓம் ஐயா.”

“நாங்கள் கோயிலிலை பூசையப்பம், அதுதான் நன்மை, வாங்க முதல் வாயிலை ஒண்டும் வைக்கமாட்டம். அப்பிடி எண்டு வையுங்கோ.”

அவர் போனதும் நானும் மாட்டோடு சேர்ந்து பட்டினி கிடந்தேன். சிவலையன் எழுந்து நின்ற பிறகுதான் சாப்பாடு என்று பிள்ளையாருக்கு நேர்த்தியும் வைத்தேன். ஆனால் மாட்டின் விரதமானாலும் காலைப் பூசையோடு விரதம் முடிக்கிற பாறணை உண்டல்லவா? விடிந்ததும் பச்சரிசியில் புக்கை பொங்கிப் படைத்து, வாழைப்பழச் சீப்போடு மாட்டடிக்குப் போனேன்.

“இஞ்சாருங்கோ, ஒண்டும் குடுக்க வேண்டாமெண்டெல்லோ அவர் சொன்னவர்?”

“இது சாப்பாடில்லையப்பா, பிரசாதம். சுவாமிக்குப் படைச்சது தொண்டையிலை சிக்குமோ?”

பொன்னம்மா வாயை மூடிக்கொண்டாள். சிவலையன் திறந்தான். பானையையும் நக்கினான்.

டாக்குத்தர் வந்தார். நானும் பச்சைத்தண்ணி படாமல் விரதம் என்று அவரிடம் பெருமையாகச் சொன்னேன். வைக்கோலைப் பரப்பி, கயிறு போட்டு மாட்டைச் சரித்தோம். கால் கயிறு அடுத்த வளவுக் கந்தரிடம், தலை என்னிடம். மருந்தில் நனைத்த பஞ்சை ஒரு கான்வஸ் பையில் வைத்து, காற்றுப் போக இடம் விட்டு, டாக்குத்தர் மாட்டின் மூக்கில் பிடித்தார்.

“முகத்தைக் கிட்டக் கொண்டுவராதையுங்கோ. நெஞ்சு ஏறி இறங்கிறதை மட்டும் பாருங்கோ.”

நான் பார்த்தேன். ஏறி இறங்குவது மெதுவாயிற்று. உயிர்தான் போகிறதோ என்று பதறி, போகிற உயிருக்குச் செய்வதைச் செய்தேன்: குனிந்து காதில் “நமசிவாய” ஓதினேன். மாட்டின் காதுக்கும் மூக்குக்கும் அவ்வளவு தூரமில்லை. ஓத ஓத ஒரு தித்திப்பு வாசம். சிவலோகம் இப்படித்தான் மணக்கும் என்று நினைத்தது ஞாபகம்.

மிச்சம் கந்தர் சொல்லி அறிந்தது.

டாக்குத்தர் மாட்டின் கண்ணைத் தொட்டுப் பார்த்திருக்கிறார், இமை வெட்டவில்லை. சரி என்று கொம்பு அறுக்கிற வாளை எடுக்க, மாட்டின் வயிறு ஊதி, வாயால் புக்கை வந்திருக்கிறது.

“ஆர் மாட்டுக்குப் பொங்கிப் போட்டது?” என்று பையைப் பிடுங்கி எறிந்தாராம். “தலையைப் பதியப் பிடியுங்கோ, வாயாலை வடியட்டும்! மாட்டை நெஞ்சு நிலத்திலை இருக்க நிமிர்த்துங்கோ!”

“ஐயோ, செல்லையாண்ணையும் விழுந்திட்டார்!” என்று என்னைக் காட்டிக் கத்தினாராம் கந்தர்.

“அவர் கிடக்கட்டும், அவருக்கு வெறும் வயிறு! நீர் மாட்டைப் பிடியும்!”

நான் கண் விழித்தபோது முகத்தில் தண்ணீர். சிவலையன் நாலு காலில் தள்ளாடி நின்றான். பொன்னம்மா எங்கள் இருவருக்கும் திருநீறு பூசிக்கொண்டிருந்தாள், அவனுக்கு முதலில்.

“கொம்பு?” என்றேன்.

“இருக்கு,” என்றார் டாக்குத்தர். “மயக்கத்துக்கு முறையா ஆயத்தப்பட்டு வந்த ஆள் நீங்கள் ஒருத்தர்தான். உங்களுக்கு அறுக்கக் கொம்பில்லை.”

அடுத்த கிழமை மறுபடி வந்தார். இம்முறை மாட்டுக்குக் காவல் பொன்னம்மா. “முதலிலை வீட்டுக்காரருக்குச் சாப்பாட்டைப் போடுங்கோ. அவர் திண்டு முடிச்சால்தான் மருந்துப் போத்தல் திறப்பன்,” என்றார் டாக்குத்தர். திண்டேன். என்னை வேலிக்கரையில் இருத்திவிட்டுக் கொம்பை அறுத்தார்கள். ஒற்றைக் கொம்போடு அந்த விதைப்பு முழுவதும் சிவலையன் உழுதான். பிள்ளையார் கைவிடவில்லை.

இப்போதும் எங்கள் வீட்டில் ஆட்டுக்கோ மாட்டுக்கோ ஒரு வருத்தமென்றால், வைத்தியருக்கு ஆள் அனுப்ப முன் பிள்ளைகள் எனக்கு இலை போட்டுவிடுகிறார்கள்.