அவள் வீட்டுக்கு ஓர் ஆள்

கீபோர்டின் மேல் உப்பு ஜாடியை வைத்தது தப்புதான் என்று கிடங்குப் பொறுப்பாளர் பிற்பாடு ஒத்துக்கொண்டார். ஆனால் அப்போது வேறு வழி தெரியவில்லை. ஒரு கை செல்போனில், ஒரு கை மவுஸில். "ஆப்ஷன் பட்டனை அமுக்கிட்டே இருங்கப்பா, விட்டா ஃபோல்டர் மறைஞ்சிடும்" என்று வெளியூரிலிருந்து மகள் சொன்னால், மூன்றாவது கைக்கு மனுஷன் எங்கே போவான்?

ஜாடி ஒன்றுக்கு நாலு பட்டனாக அமுக்கியது. திரையில் இருந்ததெல்லாம் ஆளுக்கொரு பக்கம் ஓடி ஒளிந்தது.

அந்த மேக் கம்ப்யூட்டர் அவர் மனைவியுடையது. அவள் இறந்து மூன்று மாதம் ஆகிறது. அதில் ஒரு விளையாட்டு வைத்திருந்தாள். வீடு கட்டி, குட்டி மனிதர்களைக் குடிவைத்து, சமைக்க வைத்துத் தூங்க வைக்கும் விளையாட்டு. சொப்பு வைத்து விளையாடுகிற வயசா இது என்று அவர் எத்தனையோ தடவை கேலி செய்திருக்கிறார். இப்போது தினமும் அவரே அதைத் திறந்து பார்க்கிறார்.

மஞ்சள் சுவர் வீடு. அவளைப் போலவே கொண்டை போட்ட ஒரு பெண் ஜன்னலோரம் தனியாக நிற்பாள். மூலையில் கடிகாரம் மாலை ஐந்து மணி காட்டும். நாலு நிமிஷம் பார்ப்பார், கடிகாரம் ஐந்தரைகூட ஆகியிருக்காது. அதற்கு மேல் தாங்காது. எதையாவது கெடுத்துவிடுவோமோ என்று பயந்து, சேமிக்காமலேயே மூடிவிடுவார். மறுநாள் திறந்தால் மறுபடியும் அதே ஐந்து மணி, அதே ஜன்னல்.

அவள் தனியாக நிற்பதுதான் அவரை அரித்தது. முப்பது வருஷம் கிடங்கே கதி என்று கிடந்தவர். ஒன்பது மணிக்கு முன்னால் வீடு திரும்பிய நாளே கிடையாது. நிஜத்தில்தான் அவளைக் காக்க வைத்தாயிற்று, விளையாட்டிலாவது துணை இருக்கட்டும் என்று மகளிடம் கெஞ்சினார். மகளும், வழுக்கையும் கண்ணாடியுமாக அப்பாவைப் போலவே ஒரு பொம்மை செய்து அனுப்பினாள். அதை விளையாட்டின் ஃபோல்டருக்குள் போட வேண்டும். அந்த ஃபோல்டர்தான் மறைந்திருந்தது.

"அதை எதுக்கும்மா ஒளிச்சு வைக்கணும்?"

"உங்களை மாதிரி ஆளுங்க கை வைக்கக் கூடாதுன்னுதாம்ப்பா."

ஜாடி சரிப்படாததால் மகள் வேறு வழி சொன்னாள். மூன்று பட்டனைச் சேர்த்து அமுக்கினால், மறைந்ததெல்லாம் வெளியே வரும். வந்தது. கண்ட கண்ட பெயர்களோடு, வெளிறிப்போய், வரிசை வரிசையாக. அதற்குள் மகளுக்கு ஆபீஸில் கூப்பாடு. தான் திரும்பக் கூப்பிடும்வரை எதையும் தொட வேண்டாம் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

கிடங்குக்காரரால் தொடாமல் இருக்க முடியுமா? உள்ளே போய் உள்ளே போய், விளையாட்டின் ஃபோல்டரைத் தானே கண்டுபிடித்தார். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. ஆனால் அதற்குள் ஒரே பெயரில் இரண்டு ஃபோல்டர்கள், ஒன்றின் வாலில் மட்டும் ஓர் எண். ஒரே சரக்கு இரண்டு அடுக்கில் இருந்தால் அவருக்குக் கை துறுதுறுக்கும். எண் போட்டதைக் குப்பைத் தொட்டியில் தள்ளினார். தொட்டி நிரம்பியிருப்பதும் பிடிக்காதே, அதையும் காலி செய்தார்.

விளையாட்டைத் திறந்தார். வெறும் புல்தரை. வீடும் இல்லை, அவளும் இல்லை.

ஆஸ்பத்திரியில் கூட அடக்கிக்கொண்டவர், உப்பு ஜாடிக்கு முன்னால் குலுங்கிக் குலுங்கி அழுதார்.

அடுத்த தெருவில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் பெண் ஒருத்தி கடை வைத்திருந்தாள். கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு அவளிடம் போனார். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, வீட்டில் நகல் எடுத்து வைக்கும் டிஸ்க் ஏதும் உண்டா என்றாள். சின்னதாக, கறுப்பாக, வயர் வைத்து இருக்குமாம்.

எது என்று அவருக்கு உடனே தெரிந்தது. மனைவியின் மேஜையில் இருந்த அந்தப் பெட்டிக்குப் போன வாரம்தான் 'கழிவு' என்று சீட்டு ஒட்டியிருந்தார். நல்லவேளை, கழிவுச் சரக்கு வெளியே போகுமுன் முப்பது நாள் பரணில் காத்திருக்க வேண்டும் என்பது கிடங்கு விதி. வீட்டிலும் அதே விதிதான். கம்ப்யூட்டர் குப்பைத் தொட்டிக்கு மட்டும் அந்தச் சலுகை கிடைக்கவில்லை.

ஓட்டமும் நடையுமாகப் போய் எடுத்து வந்தார். அரை மணி நேரத்தில் மஞ்சள் சுவர் வந்தது. கொண்டை வந்தது. ஐந்து மணி வந்தது. அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"அப்படியே இந்தப் பொம்மையையும் உள்ளே போட்டுடுங்கம்மா. பாவம், ஒத்தையா நிக்கிறா."

கடைக்காரப் பெண் விளையாட்டில் அந்த வீட்டு ஆட்களின் பட்டியலைத் திறந்து படித்தாள். திரையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இங்க ஏற்கெனவே ஒருத்தர் இருக்காரே சார். வழுக்கை, கண்ணாடி, அச்சு அசல் நீங்கதான். இப்போ வேலைக்குப் போயிருக்கார்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "அங்கேயுமா?"

"இருங்க சார், வந்துடுவார். அம்மா பார்த்துப் பார்த்து, தினமும் ஆறு மணிக்கெல்லாம் வீட்டுக்கு வர்ற மாதிரி வேலையாத்தான் வாங்கிக் குடுத்திருக்காங்க."