வாடகை வீட்டுக்காரன் ட்ரெயிலர் வாங்கிய கதை

கிருபன் அண்ணா, எனக்கு உன்னில் பொறாமை. உனக்கு இது தெரிந்த விஷயம்தான். மற்றவர்களுக்கும் தெரியட்டும் என்று எழுதுகிறேன்.

உன் முப்பத்தோராம் நாளுக்கு அடிக்கிற நினைவுப் புத்தகத்தில் தம்பியும் ஏதாவது எழுத வேண்டும் என்று அண்ணி கேட்டார். பண்பின் சிகரம், பாசத்தின் இமயம் என்று எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நான் பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குப் பெரிய கும்பிடு போட்டவன். நடந்ததைத்தான் எனக்கு எழுத வரும். (பிழை இருந்தால் அண்ணி திருத்துவார். அவவுக்கும் அழுகை வந்தால் அப்படியே விடுவார்.)

வாசிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன். நாங்கள் வீட்டில் இரண்டு பிள்ளைகள். அண்ணா மூத்தவன். செந்தூரன் என்கிற நான் நாலு வயது இளையவன். அவன் என்னைவிட உயரம். தலைமயிரும் கூட. அம்மா நண்டுக் குழம்பு வைத்தால் பெரிய கால் அவனுடைய கோப்பையில்தான் விழும். (சின்ன வயதிலிருந்து பார்த்துக்கொண்டு வருகிறேன். ஒருநாள் என்றாலும் கை தவறி என் பக்கம் விழுந்தது கிடையாது.) குளிருக்கு வீடுகளைச் சூடாக்குகிற ஃபேர்னஸ் பூட்டுகிற வேலை செய்து, ஸ்ரௌவ்வில்லில் இரண்டு கார் கராஜோடு வீடு வாங்கினான். அம்மா அவனோடு இருந்தார். நான் ஸ்காபரோவில் ஒரு வீட்டுக்குக் கீழே, பேஸ்மென்றில் வாடகைக்கு இருந்தேன். அம்மா ஆட்களோடு போனில் கதைக்கும்போது அவனுடையதைக் "கிருபன்ர வீடு" என்பார். என்னுடையதைச் "செந்தூ இருக்கிற இடம்" என்பார்.

மூன்று சமருக்கு (கோடைக்கு) முன்னர் அம்மாவுக்குக் கடல் பார்க்க ஆசை வந்தது. ஒன்ராரியோ ஏரிக் கரையில் கொண்டுபோய் நிறுத்தினோம். ஒரு நிமிடம் பார்த்தார். "உது பெரிய குளம். கடலெண்டா மணக்க வேணும்" என்றார். மணக்கிற கடலுக்கு நோவா ஸ்கோசியா வரைக்கும் போக வேண்டும். இரண்டு நாள் ஓட்டம். அம்மாவுக்கு வழிக்கடைச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது. ஹோட்டல் கட்டிலைக் கண்டால் யார் யார் படுத்ததோ என்று கதிரையில் இருந்தே விடியவிடுவார்.

அண்ணாதான் ட்ரெயிலர் யோசனையைச் சொன்னான். பிக்கப் ட்ரக்குக்குப் பின்னால் கொழுவி இழுக்கிற வண்டி. உள்ளே கட்டில், குசினி, கக்கூசு எல்லாம் இருக்கும்.

"பத்து நாளுக்கு வாடகைக்கு எடுப்பம். கொண்டே குடுத்தா அலுவல் முடிஞ்சுது" என்றான் சாப்பாட்டு மேசையில்.

"வாடகைக் காசு தண்ணியில போற காசு" என்றேன் நான். "பழசொண்டை வாங்கினா ஒவ்வொரு சமரும் போகலாம்."

"வருசத்தில பத்து நாள் ஓட ஒண்டை வாங்கி, மிச்ச நாள் முழுக்க எங்க விடுறது?" என்று அண்ணி கேட்டார்.

"அதுக்கு வழியிருக்கு." (இருக்கவில்லை.)

அண்ணா சோற்றைப் பிசைந்துகொண்டே சிரித்தான். "வீடு வாங்கின நான் வாடகைக்கு எடு எண்டுறன். வாடகைக்கு இருக்கிறவன் வாங்கு எண்டுறான். நல்ல குடும்பம்தான்."

எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தார். அவன் பகிடிக்குத்தான் சொன்னான். ஆனால் அம்மா சிரித்தது எனக்குள் முள்ளாகக் குத்திவிட்டது. அந்த மேசையிலேயே முடிவெடுத்தேன். அம்மா கடலுக்குப் போகிறதென்றால் கிருபனுடைய ஏற்பாட்டில் போகக் கூடாது. செந்தூவின் வண்டியில், செந்தூவின் கட்டிலில் படுத்துத்தான் போக வேண்டும்.

இரண்டு கிழமையில் ஒன்றைக் கண்டுபிடித்தேன். ஒறிலியாவுக்கு அங்காலே ஒரு வெள்ளைக்காரக் கிழவர் விற்றார். வெள்ளை உடம்பு, பக்கத்தில் மண்ணிறக் கோடு. பின்பக்கச் சுவரில் மட்டும் பூப்போட்ட புது வோல்பேப்பர் ஒட்டியிருந்தது. நன்றாகக் கவனித்து வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். (அதற்குப் பின்னால் பலகை உக்கிப்போய் இருந்தது பிறகுதான் தெரியும். பார்த்தவுடன் சந்தேகப்படுகிறவன் அண்ணா. ஆகவே நான் சந்தேகப்படவில்லை.)

கிழவர் நல்ல மனிதர். ட்ரெயிலரின் நாலு மூலையிலும் இருக்கிற இரும்புக் கால்களைக் காட்டி, பிக்கப்பைக் கழற்றினால் ஆட்கள் ஏற முதல் இவற்றை இறக்கிவிடு என்று மூன்று தரம் சொன்னார். நான் மூன்று தரமும் "யா, யா" என்றேன். நான் மிசிசாகாவில் ஒரு வெயர்ஹவுசில் பாரம் தூக்குகிற போக்லிஃப்ற் ஓடுகிறவன். பாரம் எந்தப் பக்கம் சரியும் என்று பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். எனக்கு ஒரு கிழவர் பாரம் படிப்பிப்பதா?

கையெழுத்து வைத்து, திறப்பை வாங்கிப் பொக்கற்றில் போட்டபிறகுதான் ஒரு சின்ன விஷயம் ஞாபகம் வந்தது. என்னுடைய கார் இதை இழுக்காது. இழுக்கக்கூடிய பிக்கப் எனக்குத் தெரிந்து ஒரே ஒருவனிடம்தான் இருந்தது. போன் எடுத்தேன்.

"அண்ணா, ஒரு சின்ன உதவி."

"வாங்கிட்டியோ?"

"ஓம்."

"எதால இழுக்கப் போறாய்?"

நான் பொக்கற்றுக்குள் திறப்பை உருட்டிக்கொண்டு நின்றேன்.

"இடத்தை அனுப்பு. வாறன்."

திரும்பி வரும்போது நான் காரில் பின்னால் வந்தேன். என்னுடைய ட்ரெயிலர் அவனுடைய பிக்கப்புக்குப் பின்னால் அவ்வளவு வடிவாக ஓடியது. எனக்கு அதிலும் எரிச்சல். விட இடமில்லாததால் அதை அவனுடைய வீட்டு வாசலிலேயே நிறுத்தினோம். அந்த வாசலுக்கு அவன் போன மாதம்தான் புதுக் கல் பதித்திருந்தான்.

அம்மா ஏறிப் பார்த்தார். அலுமாரிகளைத் திறந்தார். பைப்பைத் திருகினார். பின்பக்கத்தில் இருந்த காஸ் அடுப்பைத் தட்டிப் பார்த்தார்.

"குசினியும் கிடக்கு. இது வீடு மாதிரியெல்லோ இருக்கு செந்தூ."

வீடு என்றார். என்னுடைய ஒன்றை அம்மா வீடு என்று சொன்னது அதுதான் முதல் தரம்.

கூட வந்த ரஞ்சி அன்ரி விடவில்லை. அவர் அம்மாவின் சிநேகிதி, இரண்டு தெரு தள்ளி இருக்கிறவர். நாள், நேரம், ராகுகாலம் எல்லாம் அவருடைய டிப்பார்ட்மென்ற். "அடுப்பிருக்கு, கதவிருக்கு, படுக்க இடமிருக்கு. பால் காய்ச்சாமல் ஒரு ராத்திரியும் படுக்கக் கூடாது, அக்கா" என்றார்.

அப்படித்தான் ட்ரெயிலருக்குக் குடிபூரல் நடந்தது. உலகத்தில் வேறெந்தச் சனம் சில்லுப் பூட்டின வண்டிக்குள் பால் காய்ச்சிப் பொங்க விட்டிருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஞாயிறு காலை பதினாலு பேர் வந்தார்கள். நிறைகுடம், குத்துவிளக்கு, கதவுக்கு பிளாஸ்ரிக் மாவிலை. வாசலில் செருப்புகள் கோயில் மாதிரிக் கிடந்தன.

நான் படம் எடுக்கத் தள்ளி நின்று பார்த்தேன். ட்ரெயிலருக்கு முன்னால் அண்ணாவின் பிக்கப் பெரிதாக நின்றது. யார் படத்தைப் பார்த்தாலும், கிருபன் ட்ரெயிலர் வாங்கியிருக்கிறான் என்றுதான் நினைப்பார்கள்.

"பிக்கப்பைக் கழட்டு அண்ணா. படத்தில விழுது."

அவன் நடுவில் இருக்கிற சில்லுகளுக்குச் செங்கல் வைத்துவிட்டுக் கழற்றினான். "கழட்டினா காலை இறக்கோணும், செந்தூ."

ஒன்றை இழுத்துப் பார்த்தேன். துருப்பிடித்து அசையவில்லை.

"பொறு, எண்ணெய் விட்டு இறக்கிவிடுறன்" என்றான்.

"நல்ல நேரம் இன்னும் ஆறு நிமிசம்தான் கிடக்கு" என்றார் ரஞ்சி அன்ரி.

அம்மா பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கு முன்னால் அவன் என் ட்ரெயிலரைத் திருத்துவதா?

"இது என்ர ட்ரெயிலர். எனக்குத் தெரியும். நீ வெளியில நில்லு."

அவன் வெளியில் நின்றான். நான் மற்றவர்களோடு உள்ளே ஏறினேன்.

அம்மா அடுப்பைப் பற்றவைத்துப் பால் சட்டியை வைத்தார். முதலில் எல்லோரும் முன்பக்கத்தில் கட்டிலிலும் நடுவிலும் இருந்தார்கள். பால் நுரைக்கத் தொடங்கியதும் ஒவ்வொருவராகப் பின்பக்கம் வந்தார்கள். குடிபூரலில் பால் எந்தப் பக்கம் பொங்குகிறது என்று பார்க்காவிட்டால் வந்ததில் பிரயோசனமில்லை. "பொங்குது, பொங்குது" என்றார் ரஞ்சி அன்ரி. பதினாலு பேரும் இன்னும் ஒரு அடி வைத்தார்கள்.

காலுக்குக் கீழே நிலம் மெதுவாகச் சரிந்தது. அது பக்திப் பரவசம் என்று நினைத்தேன். உண்மையாகத்தான்.

"சித்தப்பா, ஆர் வீ மூவிங்?" என்று கேட்டாள் அண்ணாவின் ஆறு வயது மகள்.

அடுத்தது ஒரே ஒரு சத்தம். ட்ரெயிலரின் பின்பக்கம் புதுக் கல்லில் போய் இடித்தது. முன்பக்கம் வானத்தைப் பார்த்தது. குத்துவிளக்கு, நிறைகுடம், பால் சட்டி, பதினாலு பேர், எல்லாம் பூப்போட்ட வோல்பேப்பரில் வந்து குவிந்தோம். ரஞ்சி அன்ரி பாத்திரம் கழுவுகிற தொட்டிக்குள் இருந்தார். (எப்படி என்று அவருக்கும் இன்றுவரை தெரியாது.) சுவர் வெடித்து, உக்கின பலகை எல்லோருடைய தலையிலும் கொட்டியது. அந்த ஓட்டைக்குள்ளால் அண்ணாவின் கராஜ் தெரிந்தது.

வெளியே அண்ணா முதலில் ஓடிப்போய் காஸைப் பூட்டினான். பிறகு முன்னுக்குப் பாய்ந்து, பிக்கப்பில் கொழுவுகிற, தூக்கிக்கொண்டு நின்ற இரும்பில் தொங்கினான். அவன் பாரத்துக்கு அது அசையவில்லை. கால் இரண்டும் அந்தரத்தில் ஆட, தொங்கிக்கொண்டே கத்தினான்.

"ஒவ்வொருத்தரா முன்னுக்கு வாங்கோ. ஒவ்வொருத்தரா."

எங்கள் சனம் எங்கே ஒவ்வொருவராக வந்தது? எல்லோரும் ஒன்றாக ஏறினார்கள். முன்பக்கம் ஒரே அடியாக இறங்கியது. அண்ணா நல்லகாலத்துக்குக் கையை விட்டுப் பக்கத்தில் விழுந்தான்.

ஒருவருக்கும் பெரிய காயமில்லை. வெளியே வந்து நின்றபோது அம்மாவின் பட்டுச் சேலையில் பால் வடிந்தது. அந்த நிலையிலும் அவருக்குப் பொங்கின பால்தான் கவலை.

"ரஞ்சி, பால் எந்தப் பக்கம் பொங்கினது?"

"எல்லாப் பக்கமும் பொங்கினது, அக்கா."

ட்ரெயிலரைப் பழைய இரும்புக்காரன் வந்து இழுத்துக்கொண்டு போனான். அண்ணா "நான் சொன்னனானெல்லோ" என்று ஒரு தரம்கூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை பிடித்து ஆறியிருப்பேன். அதிலும் என்னைவிட நல்லவனாக இருந்து தொலைத்தான். வாடகை ட்ரெயிலரை முதலே புக் பண்ணி, கான்சல் பண்ணாமல் வைத்திருந்தான் என்பது அடுத்த நாள் தெரிந்தது.

"அப்ப என்ரது ஓடாதெண்டு நினைச்சே வச்சிருந்தனி?" என்று கேட்டேன்.

"இல்லையடா. நான் குறட்டை விட்டா நீ என்னைக் கலைச்சிருப்பாய். எனக்கும் படுக்க இடம் வேணுமெல்லோ."

புறப்பட்ட காலை, பிக்கப்பில் அண்ணாவின் குடும்பம். பின்னால் மினுங்குகிற வாடகை ட்ரெயிலர். அதற்கும் பின்னால் என்னுடைய சின்னக் கார். இடம் காணாததால் நான் தனியே வருவதென்று ஏற்பாடு. அம்மா பையோடு வந்தார். பிக்கப்பைத் தாண்டினார். என் காருக்குள் ஏறி முன்சீற்றில் இருந்தார்.

"தனிய வந்தா நித்திரை கொண்டிடுவாய். எடு காரை" என்றார்.

கடல் வரைக்கும் அம்மா என்னோடுதான் வந்தார். பெற்றோல் அடிக்க நின்ற இடமெல்லாம் நான் அண்ணாவைப் பார்த்து வேண்டுமென்றே கை காட்டினேன். அவனும் காட்டினான். கடற்கரையில் அம்மா தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைத்து, "ம், இது கடல்" என்றபோது நான்தான் பக்கத்தில் நின்றேன். வாழ்க்கையில் நான் அண்ணாவை வென்ற ஒரே சந்தர்ப்பம் என்று அதைப் பத்திரமாக வைத்திருந்தேன்.

அதற்குப் பிறகு எங்கள் சொந்தத்தில் எந்த வீட்டில் பால் காய்ச்சினாலும், "செந்தூ வந்திட்டான், எல்லாரும் நடுவுக்கு வாங்கோ" என்று யாராவது சொல்லாமல் விடுவதில்லை. போன மாதம் அண்ணா வேலைக்குப் போன வீட்டில், ஃபேர்னசுக்குப் பக்கத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருந்தவன் எழும்பவில்லை. முப்பத்தைந்து வயது. அவனை வைத்திருந்த இடத்தில் சனம் பெட்டியடியில் நெருக்கியபோது, ரஞ்சி அன்ரி அழுதுகொண்டே, "எல்லாரும் ஒரு பக்கத்தில நிக்காதேங்கோ" என்றார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னாரென்று அவருக்கே விளங்கியது. முதலில் அண்ணி சிரித்தார். பிறகு எல்லோரும். பிறகு இன்னும் கூட அழுதோம்.

அன்றைக்குத்தான் அண்ணி எனக்கு ஒன்று சொன்னார். கடலுக்குப் போன காலை, அண்ணா அம்மாவைக் குசினிக்குள் கூப்பிட்டு, "நீங்கள் அவன்ர காரில போங்கோ அம்மா. அவன் சரியா நொந்துபோனான்" என்று சொன்னானாம்.

நான் வென்றது என்று வைத்திருந்ததும் அவன் தந்ததுதான். செத்தவனில் யாராவது கோபப்படுவார்களா? நான் பட்டேன்.

இப்போது அம்மா எங்கே போவதென்றாலும் என் காரில்தான் போகிறார். டொக்டரிடம், கோயிலுக்கு, அண்ணாவின் அலுவலாக அரசாங்கக் கந்தோர்களுக்கு. நான் ஆசைப்பட்ட அதே முன்சீற். போட்டிக்கு ஆளில்லை. நேற்று சிவப்பு விளக்கு பச்சையாகி நான் காரை எடுத்தபோது அம்மா என்னைப் பார்த்து, "கிருபன், கொஞ்சம் மெதுவா ஓடு, அப்பு" என்றார். நான் திருத்தவில்லை. "ஓம் அம்மா" என்று சொல்லி மெதுவாக ஓடினேன். எனக்கு இன்னும் பொறாமைதான். அதை மறைத்து எழுத எனக்குத் தெரியாது.

இதை வாசித்துச் சிரித்தவர்கள், சிரிப்பு அடங்கியதும் கண்ணை மூடி அவனுக்காக ஒரு தரம் கும்பிடுங்கள். எந்தச் சாமி என்றாலும் சரி, எந்தப் பாஷை என்றாலும் சரி. பெயர் கேட்டால் கிருபன் என்று சொல்லுங்கள். எங்கள் அம்மாவின் மூத்த மகன்.