சம்பந்தி டிரக்குக்குப் புது ஷாக் அப்சார்பர்

மதிப்பும் மரியாதையும் மிகுந்த சம்பந்தி அவர்களுக்கு,

தாங்களும் சம்பந்தியம்மாவும் தங்கள் மூத்த மகள் வீட்டில் பேரக்குழந்தைகளுடன் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் என் மனைவியும் சுகம். தங்கள் வீட்டில் என் மகளும் மாப்பிள்ளையும் சுகம், நேற்றுகூட வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். தாங்கள் என் பொறுப்பில் விட்டுச்சென்ற ரிமோட் டிரக்கும் சுகமாகத்தான் இருக்கிறது. ஏன் இழுக்கிறேன் என்றால், அதற்குத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். போனில் நான் எங்கே பேசுகிறேன்? தாங்கள் பேசுகிறீர்கள், நான் "ஆமாங்க, சரிங்க" என்கிறேன், தாங்கள் வைத்துவிடுகிறீர்கள். கடிதம் என்றால் யாரும் குறுக்கே பேச முடியாது பாருங்கள்.

போன பந்தயத்தில் தண்ணீர்த் தொட்டி மைதானத்தில் தங்கள் வண்டி மண்மேட்டில் ஏறிப் பறந்து, மூக்கு குத்தி விழுந்து, பந்து மாதிரி எம்பி எம்பிக் குதித்துக் குப்புறக் கவிழ்ந்ததும், பல் டாக்டர் தன் வண்டியைப் பக்கத்திலேயே ஓட்டிக்கொண்டு போய் ஜெயித்ததும், போகிற போக்கில் "அடிபட்டுடுச்சா?" என்று விசாரித்ததும் தங்களுக்கு நினைவிருக்கும். எனக்கும் இருக்கிறது. அதற்குப் பிறகு தாங்கள் வீட்டில் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. தங்கள் முகம் சரியில்லை என்றால் அந்த வீட்டில் மிக்ஸிகூட மெதுவாகத்தான் ஓடும் என்று என் மகள் சொல்லுவாள். தப்பாக நினைக்காதீர்கள், சிரித்துக்கொண்டேதான் சொல்லுவாள். ஆனால் பெற்றவன் காதில் அது வேறு மாதிரி விழும்.

ஆகவே, புது ஷாக் அப்சார்பர் பார்சலில் வந்திருக்கிறது, பிளாஸ்டிக்கைக் கழட்டிவிட்டு இந்த அலுமினியத்தை மாட்டி எண்ணெய் ஊற்றி வையுங்கள், சனிக்கிழமை நான் வந்து இறங்கியதும் ஞாயிற்றுக்கிழமை பந்தயத்துக்கு நேராக எடுத்துக்கொண்டு போய்விடுகிறேன் என்று தாங்கள் போனில் சொன்னீர்கள். "தண்ணி ஆபீஸ்ல இருந்தவராச்சே, குழாய், வாஷர், லீக்கு எல்லாம் உங்களுக்கு அத்துப்படியா இருக்குமே" என்றீர்கள். சம்பந்தி, நான் தண்ணி ஆபீஸில் புகார்ப் பிரிவில் இருந்தேன். லீக்கு என்று ஜனங்கள் வந்து கத்துவார்கள், நான் அழகான கையெழுத்தில் எழுதிக்கொண்டு ரசீது கொடுப்பேன். அதோடு என் வேலை முடிந்தது. எங்கள் வீட்டுக் குழாய் ஒழுகினால் இன்றைக்கும் என் மனைவிதான் வாஷர் மாற்றுகிறாள். ஆனாலும் என் வாய் "அதுக்கென்னங்க, செஞ்சுடலாம்" என்றது. கல்யாணத்தன்றிலிருந்து என் வாய்க்கு அது ஒன்றுதான் தெரியும். உங்கள் ஃபிரிட்ஜை மாடிக்குத் தூக்கணுமா, செஞ்சுடலாம். மீன்தொட்டிக்குத் தண்ணீர் மாத்தணுமா, செஞ்சுடலாம். பெண்ணைக் கொடுத்த இடத்தில் தெரியாது, முடியாது என்றெல்லாம் எப்படிச் சொல்வது?

சரி என்று சாப்பாட்டு மேஜையில் பேப்பர் விரித்து உட்கார்ந்தேன். பழைய ஷாக் அப்சார்பரில் ஸ்பிரிங்கைப் பிடித்து ஒரு கிண்ணம் இருக்கிறது அல்லவா, அதை லேசாகத்தான் நெம்பினேன். ஸ்பிரிங் எகிறி ஜன்னலில் பட்டுத் திரும்பி, என் மனைவி இஸ்திரி போட்டு அடுக்கிவைத்திருந்த துணிமேல் விழுந்தது. அதைப் பிடிக்கப் பாய்ந்தேனா, முழங்கை தட்டி, பார்சலோடு வந்த சிலிக்கான் எண்ணெய் பாட்டில் கவிழ்ந்து, முக்கால்வாசி என் வேட்டியிலும் மீதி தரையிலும் போயிற்று. அந்த எண்ணெயில் கால் வைத்து நான் சறுக்கிக்கொண்டு சமையலறை வாசல் வரை போய்ச் சேர்ந்தேன். அதற்குள் வெட்டிய நகத் துணுக்கு அளவு கிளிப் ஒன்று காணாமல் போய்விட்டது. நானும் அவளுமாக டார்ச் அடித்துக்கொண்டு ஃபிரிட்ஜுக்கு அடியில் தரையோடு தரையாகக் கிடந்தோம். "எழுபது வயசுல பொம்மை வண்டியா?" என்றாள். "பொம்மைன்னு சொல்லாதே, சம்பந்தி காதுல விழுந்துடப் போவுது" என்றேன். "அவர் இருக்கிறது வேற ஊரு" என்றாள். இருந்தாலும் நான் குரலைத் தாழ்த்திக்கொண்டேன்.

எண்ணெய் போய்விட்டதே, என்ன செய்வது? கடைக்காரர் இன்னொரு பாட்டில் வரவழைக்க நாளாகும் என்று கைவிரித்துவிட்டார். கெட்டியாக ஏதாவது இருந்தால் போதும் என்று நினைத்துக்கொண்டு வீட்டில் இருப்பதையெல்லாம் கரண்டியில் எடுத்து ஊற்றி ஊற்றிப் பார்த்தேன். என் மனைவி எரிச்சலில், "பாத்திரம் கழுவுற சோப்பு கெட்டியாத்தான் இருக்கு, அதையும் ஊத்திப் பாருங்க" என்றாள். கோபத்தில் சொன்னாள் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. அதைப் புது ஷாக் அப்சார்பரில் ஊற்றி, வண்டியில் மாட்டி, மொட்டைமாடிக்குக் கொண்டுபோய் ஓட்டினேன். முதல் சுற்று பிரமாதம். இரண்டாவது சுற்றில் நான்கு மூலையிலும் குபுகுபுவென்று நுரை வர ஆரம்பித்தது. பக்கத்து மாடியில் துணி காயப்போட வந்த அம்மாள், "சார், அது தானாவே குளிக்குமா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டுக் கீழே வந்துவிட்டேன்.

அடுத்து தையல் மெஷின் எண்ணெய். மெஷினுக்கு ஆகிறது, இதற்கு ஆகாதா? ஆகாது சம்பந்தி. ஒரு நாளில் உள்ளே இருந்த ரப்பர் வளையங்கள் எல்லாம் ஊறி உப்பிப்போய், தண்டு உள்ளே போனால் வெளியே வர மாட்டேன் என்று அடம் பிடித்தது. இது போதாதென்று, குட்டை முன்னால், நெட்டை பின்னால் என்று பெட்டியிலேயே படம் போட்டிருந்ததைப் பார்க்காமல் மாற்றி மாட்டியிருக்கிறேன். வண்டி பின்பக்கம் தரையைத் தொட, மூக்கைத் தூக்கி வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த நேரம் பார்த்து என் மகள் வந்துவிட்டாள்.

"என்னப்பா கோலம் இது?" என்று சிரித்தாள். அப்புறம் என் வேட்டியைப் பார்த்தாள், கையில் ஸ்குரூடிரைவர் கிழித்த இடத்தில் போட்டிருந்த பிளாஸ்திரியைப் பார்த்தாள், சிரிப்பு நின்றுவிட்டது. "தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொன்னா என்னப்பா ஆயிடும்?" "உனக்குத்தாம்மா கஷ்டம்." "எனக்கு என்ன கஷ்டம்? மாமா ரெண்டு நாள் முகத்தைத் தூக்கி வச்சுப்பார், அப்புறம் அவரே இறக்கிடுவார்." அந்த ரெண்டு நாள் நீ எப்படி இருப்பே என்று எனக்குக் கேட்கத் தோன்றியது. இதைத் தங்களுக்கு எழுதியிருக்கக் கூடாது. அடித்தால் பார்க்க அசிங்கமாக இருக்கும், அதனால் விட்டுவிட்டேன்.

இனி எழுதப்போவதுதான் முக்கியம். தயவுசெய்து உட்கார்ந்துகொண்டு படிக்கவும். வேறு வழியே இல்லாமல் நான் பல் டாக்டரிடம் போனேன். "அந்த ஆள் கண்ணுல மட்டும் வண்டி படக் கூடாது" என்று தாங்கள் கிளம்பும்போது ஆட்டோவிலிருந்து தலையை நீட்டிச் சொன்னது எனக்கு மறக்கவில்லை. ஆனால் ஊரில் இந்த வண்டியைப் பற்றித் தெரிந்தவர் தங்களை விட்டால் அவர்தான். வண்டியைத் துணிப்பையில் மறைத்து எடுத்துக்கொண்டு, பல்வலி என்று சொல்லிச் சீட்டு வாங்கி உட்கார்ந்தேன். உள்ளே போனதும் பக்குவமாக விஷயத்தைச் சொல்லலாம் என்று பார்த்தால், நாற்காலியில் சாய்த்து, "ஆ காட்டுங்க" என்றுவிட்டார். வாய்க்குள் கண்ணாடியும் கொக்கியும் இருக்கும்போது மனுஷன் என்ன பேசுவது? பையைக் காட்டி "ஆ... ஆ..." என்றேன். "வலிக்குதா? இருக்கும், பெரிய சொத்தையா இருக்கு" என்றார். பொய் சொல்லிப் போன பல்லில் நிஜமாகவே சொத்தை! ஊசி போட்டு அடைத்துத்தான் விட்டார். எழுந்ததும் பையைத் திறந்து காட்டினேன். "அட, உங்க சம்பந்தி வண்டி!" என்றவர், வெளியே கன்னம் வீங்கி ஒருத்தர் காத்திருக்கிறார் என்பதையும் மறந்து, அந்தப் பெரிய விளக்கை வண்டிமேல் இறக்கிவிட்டார்.

வளைந்த கண்ணாடியை விட்டு அடியில் பார்த்தார். "இதுல எண்ணெயைவிடக் காத்துதான் சார் அதிகம். அதான் புஸ்ஸு புஸ்ஸுன்னு சத்தம்" என்றார். புது ரப்பர் வளையம் தன் பெட்டியிலிருந்தே கொடுத்தார், கிளிப்பும் கொடுத்தார், எண்ணெயும் கொடுத்தார். விளிம்பு வரை ஊற்றி, பிஸ்டனை அவசரப்படாமல் மேலும் கீழும் இழுத்தால் குமிழி குமிழியாகக் காற்று வெளியே வரும், எல்லாம் வந்து அடங்கின பிறகுதான் மூட வேண்டும் என்று ஒன்றைச் செய்து காட்டி, மற்ற மூன்றையும் என்னையே செய்யச் சொன்னார். மரத்துப்போன வாயிலிருந்து எச்சில் ஒழுகுவதுகூடத் தெரியாமல் நான் அந்தக் குமிழிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "உங்க சம்பந்தி ஸ்பிரிங்கைப் போட்டு ஒரேயடியா இறுக்கிடறார். வண்டி உசரமா கம்பீரமா நிக்கும், வாஸ்தவம். ஆனா இறங்குறப்ப தூக்கி அடிச்சுடும். கொஞ்சம் தளர்த்தி விடுங்க, தன் பாரத்துக்குத் தானே கொஞ்சம் அமுங்கி உக்காரணும்" என்றார். எதிரி முகாமில் இதையெல்லாம் காது கொடுத்துக் கேட்டது துரோகம் என்று எனக்குத் தெரியும்.

அதனால்தான் வீட்டுக்கு வந்ததும் ஒரு முடிவு எடுத்தேன். அந்த ஆள் கை பட்ட பொருள் தங்கள் வண்டியில் இருக்கக் கூடாது. புது ஷாக் அப்சார்பர் நான்கையும் கழற்றித் துடைத்துப் பெட்டியில் வைத்துவிட்டேன். பழைய பிளாஸ்டிக்கையே, குட்டை முன்னால் நெட்டை பின்னால், தாங்கள் இறுக்கின இறுக்கத்திலேயே மாட்டிவிட்டேன். சனிக்கிழமை ஸ்டேஷனுக்கு நானே வந்து வண்டியையும் ரிமோட்டையும் தங்கள் கையில் ஒப்படைக்கிறேன். புதியதைத் தாங்களே தங்கள் கையால் மாட்டிக்கொள்ளலாம். நடந்ததற்கு முழுப் பொறுப்பு நான் ஒருவனே. இனி ஜென்மத்துக்கும் அந்த வண்டியைத் தொட மாட்டேன். இதை மனதில் வைத்துக்கொண்டு குழந்தையிடம், அதாவது என் மகளிடம், எதுவும் காட்டிக்கொள்ள வேண்டாம் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

சம்பந்தியம்மாவுக்கு என் மனைவி விசாரித்ததாகச் சொல்லவும். பேரக்குழந்தைகள் நூறாண்டு நோய் நொடியில்லாமல் வாழ எங்கள் ஆசிகள். பயணத்தில் ஜன்னல் ஓரம் உட்கார வேண்டாம், தங்களுக்குச் சளி பிடிக்கும்.

இப்படிக்கு,
என்றும் தங்கள் சொல் தட்டாத,
சம்பந்தி

பி.கு.: இந்தக் கடிதத்தைத் தபால்பெட்டியில் போடத்தான் கிளம்பினேன். போகிற வழிதானே, பழையதைச் சரியாக மாட்டியிருக்கிறேனா என்று மைதானத்தில் ஒரே ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிடலாம் என்று வண்டியையும் பெட்டியையும் எடுத்துக்கொண்டு போனேன். மேட்டில் ஏறிற்று, மூக்கு குத்திற்று, குதித்துக் கவிழ்ந்தது. பல் டாக்டர் அங்கே தன் வண்டியை ஓட்டிப் பழகிக்கொண்டிருந்தார். அவர் சிரித்திருந்தால்கூட எனக்கு ஒன்றும் தோன்றியிருக்காது. "பாவம், நல்ல வண்டி" என்றார். எனக்குப் பொறுக்கவில்லை. தொட்டி நிழலில் உட்கார்ந்து பழையதைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியதை நானே மாட்டினேன். ஸ்பிரிங்கை நானே தளர்த்தினேன். அவர் உதவட்டுமா என்று கேட்டார், வேண்டாம் என்றுவிட்டேன். மேட்டில் விட்டேன். பறந்தது, இறங்கியது, ஒரு அமுங்கு அமுங்கியது, அப்படியே ஓடிவிட்டது. சம்பந்தி, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது எனக்கு. ஊரார் புகாரையெல்லாம் எழுதி எழுதி ரசீது கொடுத்தவன், ஒன்றைக்கூட என் கையால் சரிசெய்ததில்லை. இதைச் செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பந்தயத்தில் என் பெயரைக் கொடுத்துவிட்டேன். வண்டி என்னிடம்தான் இருக்கும். சனிக்கிழமை ஸ்டேஷனுக்கு வருவேன், உங்கள் பயணப் பெட்டியைத் தூக்குவேன், வண்டியைத் தர மாட்டேன். நீங்கள் கேட்டு நான் முடியாது என்பது இதுதான் முதல் தடவை, ஆனால் முடியாது. மேலே எழுதியதில் சுகம் விசாரித்ததும் ஆசியும் மட்டும் அப்படியே இருக்கட்டும், மற்றதை அடித்துவிடுங்கள். வண்டி உங்களுடையதுதான், திங்கட்கிழமை காலையில் துடைத்துக் கொண்டுவந்து வைத்துவிடுகிறேன். கோபம் வந்தால் வீட்டில் என் மகளிடம் முகத்தைத் தூக்கி வச்சுக்காதீங்க. நேரா மைதானத்துக்கு வாங்க, என்கிட்டயே திட்டுங்க. வண்டி மேட்டுல ஏறுறப்ப மட்டும் கொஞ்சம் நிறுத்திக்குங்க.