பஞ்சலிங்கத்தாரின் பிரான்ஸ் சயிக்கிள்

சயிக்கிளின் பேரைக் கண்டுபிடிக்கும்வரை முகம் வழிப்பதில்லை என்று பஞ்சலிங்கத்தார் முற்றத்தில் நின்று சபதம் எடுத்தார். அவருடைய மனைவி குணலட்சுமி அதைக் கேட்டுப் பதறவில்லை, தடுக்கவுமில்லை.

"நல்லது. பிளேட் மிச்சம்" என்று சொல்லிவிட்டுத் தையல் மெசினை மிதித்தாள்.

பஞ்சலிங்கத்தாருக்கு மருதனார்மடச் சந்தியில் உரப்பசளைக் கடை. பசளையைப் பற்றி அவருக்கு அரைவாசி தெரியும். மற்ற எல்லாவற்றைப் பற்றியும் முழுதாகத் தெரியும். அப்படிப்பட்டவர் ஒரு கலியாண வீட்டுப் பந்தியில் பாரிசில் இருந்து வந்த ஒருவருக்குப் பக்கத்தில் இருந்துவிட்டார். "அங்கை பழைய பிரெஞ்சுச் சயிக்கிளுக்கு இருக்கிற மதிப்பு புதுக் காருக்கும் இல்லை" என்றார் அந்த மனிதர், பாயாசத்தை உறிஞ்சிக்கொண்டு. அந்தப் பாயாசம் அவருக்குச் செமித்தது. கதை பஞ்சலிங்கத்தாருக்குச் செமிக்கவில்லை. பிறகொரு நாள் தேங்காய் வாங்கக் கொடிகாமம் போனவர், ஒரு லான்ட்மாஸ்ரர் உழவு மெசினின் பெட்டியில் சயிக்கிளை ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார். தேங்காய் வரவில்லை.

சயிக்கிளுக்கு யாரோ கேற்றுக்குப் பூசி மிஞ்சிய பச்சைப் பெயின்ற் பூசியிருந்தார்கள். பேர் என்று எங்கும் ஒரு எழுத்து இல்லை. முன்கழுத்தில், கொம்பனித் தகடு இருந்திருக்க வேண்டிய இடத்தில், இரண்டு சின்னத் துளைகள் மட்டும் மூக்குத்துவாரம்போலத் தெரிந்தன.

குணலட்சுமி அதைச் சுற்றிவந்து பார்த்தாள்.

"பார் எங்கை?"

"என்ன பார்?"

"ஆம்பிளையளின்ரை சயிக்கிளுக்குக் குறுக்கை கிடக்குமே, அந்தப் பார். இது லேடீஸ் சயிக்கிள் எல்லோ?"

"விசர்க் கதை கதையாதையும். லேடீஸ் சயிக்கிளுக்கு ஒரு தண்டுதான் வளைஞ்சு வரும். இதுக்குப் பாரும், மெல்லிசாய் ரெண்டு தண்டு, கழுத்திலை இருந்து நேரே பின்சில்லு மட்டும் போகுது. இது பிரான்ஸ் சாமான்."

"ஆர் சொன்னது?"

"வித்தவன்."

"வேறை என்ன சொன்னவன்?"

"இனி இப்பிடி ஒண்டு தேடினாலும் கிடையாது எண்டவன்."

"அதை மட்டும் நம்பலாம்" என்றாள் குணலட்சுமி.

லேடீஸ் என்ற சொல் பஞ்சலிங்கத்தாருக்கு ஏன் சுட்டது என்றால், அதற்கு ஒரு காரணம் இருந்தது. குணலட்சுமி ஊருக்குப் பிளவுஸ் தைக்கிறவள். தைத்ததை இணுவிலுக்கும் உடுவிலுக்கும் கொண்டுபோய்க் கொடுக்க, புருசனின் மோட்டச் சயிக்கிளைத்தான் நம்பியிருந்தாள். "இந்தா வாறன்" என்று போகிறவர், சந்தித் தேத்தண்ணிக் கடையில் உலகத்தைத் திருத்தி முடித்துவிட்டுத்தான் வருவார். ஒருமுறை பிளவுஸ் போய்ச் சேர்ந்தபோது மணப்பெண்ணுக்கு வேறொரு பிளவுசோடு தாலி ஏறி முடிந்திருந்தது. அன்றைக்குத்தான் தனக்கொரு சயிக்கிள் வேண்டும் என்று குணலட்சுமி கேட்டாள். "இந்த வயசிலையோ? சனம் என்ன சொல்லும்?" என்று பஞ்சலிங்கத்தார் கேட்டார். இப்போது அதே வாயால், தான் வாங்கி வந்தது பெண்கள் சயிக்கிள் என்று எப்படி ஒப்புக்கொள்வது?

வேலிக்கு அந்தப் பக்கத்தில் இருந்து சுபாஸ்கரனின் தலை எழும்பியது. சந்தோசமான செய்தி என்றால் பிந்தி வரும் தலை அது. வம்பு என்றால் முந்தி வரும்.

"அண்ணை, அக்காவுக்குச் சயிக்கிளோ? நல்ல வேலை செய்தியள்."

"இது ஆம்பிளையள் ஓடுற சயிக்கிள் தம்பி. இப்ப பார்."

பஞ்சலிங்கத்தார் சாரத்தை மடித்துக் கட்டினார். ஆண்மகன் சயிக்கிள் ஏறும் முறைப்படி, இல்லாத பாருக்கு மேலாக வலக்காலை வீசிப் போட்டார். கால் போனது. சாரம் போகவில்லை. அடுத்த நிமிசம் அவரும் சயிக்கிளும் செவ்வரத்தை வேலிக்குள் கிடந்தார்கள். பின் ரயர் 'டப்' என்றது.

"ஓம் அண்ணை, ஆம்பிளையள் விழுற சயிக்கிள்தான்" என்றார் சுபாஸ்கரன்.

சபதம் பிறந்தது அப்போதுதான்.

அன்றிலிருந்து கடையை வேலைக்கு நின்ற பெடியளிடம் விட்டுவிட்டு, பஞ்சலிங்கத்தார் பழந்துணியும் மண்ணெண்ணெயுமாகச் சயிக்கிளோடு குடியிருந்தார். சுரண்டினார். தேய்த்தார். மூன்றாம் முறை தேய்த்தபோது பிறேக் பிடியில் பொடி எழுத்து ஒன்று எட்டிப் பார்த்தது. கண்ணாடியைப் போட்டு எழுத்துக் கூட்டி வாசித்தவர் துள்ளி எழும்பினார்.

"இஞ்சாரும்! கண்டுபிடிச்சிட்டன்! டிப்போஸ்! டிப்போஸ் கொம்பனி!"

"டிப்போவிலை இருந்து வந்ததெண்டால் அது பஸ் எல்லோ?"

"பகிடியை விடும். டிப்போஸ் எண்டால் பிரான்சிலை பேர்போன கொம்பனி."

"எப்ப தொடக்கம்?"

"எப்பவுமே."

மாலைக்குள் சந்தி முழுவதும் டிப்போஸ் கொம்பனியின் பெருமையை அறிந்தது. அது நிற்க, ஊர் நம்பினால் போதுமா, பாரிசும் ஒப்ப வேண்டாமா? குணலட்சுமியின் தங்கை பாலேஸ்வரி அங்கேதான் இருக்கிறாள். பஞ்சலிங்கத்தாரின் போனில் எதைப் படம் பிடித்தாலும் மார்கழிப் பனிக்குள் எடுத்ததுபோல இருக்கும் என்பதால், குணலட்சுமியின் போனில் வீடியோ அழைப்புப் போனது. எடுத்தது பாலேஸ்வரியின் மகள் ஷெரோன். பாரிசிலேயே பிறந்தவள். ஆனால் தாயின் தமிழை அப்படியே பிடித்திருந்தாள்.

"பெரியப்பா, டெப்போசே எண்டால் கொம்பனிப் பேர் இல்லை. பதிவு செய்தது எண்டு அர்த்தம். இஞ்சை கதவுப் பூட்டிலையும் அடிச்சிருப்பினம்."

பஞ்சலிங்கத்தார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டார். 

"அப்ப முறையாய்ப் பதிஞ்ச சயிக்கிள். நான் சொன்னது சரியாப் போச்சு."

ஷெரோனுடைய வீட்டுக்குப் பக்கத்தில் பழைய சயிக்கிள் திருத்தும் ஒரு பிரெஞ்சுக்காரர் இருந்தார். அவர் படங்கள் கேட்டார். மிதி அச்சுக்குக் கீழே நம்பர் உண்டா? பின்சில்லுப் பல்லு எத்தனை? தண்டுகள் பொருந்தும் இடம் எப்படி? பஞ்சலிங்கத்தார் நிலத்தில் மல்லாந்து கிடந்து ரோச் வெளிச்சம் அடித்தார். குணலட்சுமி படம் எடுத்து அனுப்பினாள்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் வினோதம். குணலட்சுமி மாறிப்போனாள். சயிக்கிளைப் பார்த்து நக்கல் அடித்தவள், பத்து மணிக்கு இஞ்சித் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். பின்னேரம் வடை சுட்டாள். ஊரில் விற்கிற ரயர் ஒன்றும் அதன் சில்லுக்குப் பொருந்தவில்லை என்று அவர் நெற்றியில் கை வைத்து இருந்தபோது, தங்கையிடம் தானே சொல்லி, நல்லூர்த் திருவிழாவுக்கு வந்த ஒருவரின் பெட்டிக்குள் ஒரு சோடி ரயர் வரப்பண்ணினாள். இவ்வளவு அன்பை அவர் கலியாணம் கட்டிய புதிதிலும் கண்டதில்லை. அங்கேயே அவர் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். மனிதர் வடையைச் சாப்பிட்டார்.

"இஞ்சாருங்கோ, சீற்றைக் கொஞ்சம் கீழை பதிச்சு விடுங்கோவன். உங்கடை முழங்காலுக்குச் சுகம்."

முழங்காலை யோசித்துப் பதித்தார்.

"முன்னுக்கு ஒரு கூடை போட்டால் கடைப் பூட்டையும் திறப்பையும் வைக்கலாம்."

கூடையும் வந்தது. திறப்புக்கு என்று வந்த கூடைக்குள் ஒரு பூசணிக்காயே கொள்ளும்.

"பச்சை சரியில்லை. மயில் நீலம் அடிச்சால் எடுப்பாய் இருக்கும்."

மயில் நீலமும் அடித்தார். சயிக்கிள் கலியாணப் பெண் மாதிரி மினுங்கியது. பஞ்சலிங்கத்தார் தாடியோடு அதற்குப் பக்கத்தில் சாமியார்போல நின்றார்.

"பாரிசிலை என்னவாம்?" என்று தினமும் கேட்பார்.

"பாக்கினமாம்" என்பாள் குணலட்சுமி, ஊசியில் நூல் கோத்தபடி.

ஒரு சனிக்கிழமை காலை, சுபாஸ்கரனும் அவருடைய மனைவி தக்சாயினியும் வேலியடிக்கு வந்து நின்றார்கள். "என்ன அண்ணை, தாடி வளருது, பேர் வரேல்லையே?" என்று சுபாஸ்கரன் தொடங்க, பஞ்சலிங்கத்தாருக்குச் சூடு ஏறிவிட்டது.

"கேளும் தம்பி. பாரிஸ் சொல்லட்டும். ஆம்பிளையளின்ரை எண்டால் நான் ஓடுவன், நீர் வாய் திறக்கக் கூடாது. லேடீஸ் எண்டால் இண்டைக்கே குணலட்சுமிக்குக் குடுக்கிறன். சனம் என்ன சொல்லும் எண்டு நானும் வாய் திறக்க மாட்டன்."

குணலட்சுமி மெசினை நிறுத்திவிட்டு எழுந்து வந்தாள்.

"ரெண்டு பேரின்ரையும் எண்டால்?"

"அப்பிடி ஒரு சயிக்கிள் உலகத்திலை இல்லை."

"இருந்தால்?"

"இருந்தால் நீர் சொல்லுறதுதான் தீர்ப்பு. போதுமே?"

"தக்சாயினி, கேட்டனீரோ?"

"வடிவாய்க் கேட்டனான் அக்கா."

குணலட்சுமி போனை எடுத்தாள். மணி அடித்தது. ஷெரோன் நித்திரை முகத்தோடு வந்தாள்.

"பிள்ளை, அந்த மனிசன் என்ன சொன்னவர்? பெரியப்பாவுக்குச் சொல்லு."

"பெரியப்பா, கொம்பனிப் பேர் ஒருத்தராலையும் சொல்லேலாதாம். முந்தி இஞ்சை ஊருக்கு ஊர் சின்னச் சின்னக் கடைக்காரர் சயிக்கிள் பூட்டி, தங்கடை தகட்டை அடிச்சு விக்கிறவையாம். தகடு போனால் பேரும் போச்சு. ஆனால் இந்த வகைக்கு ஒரு பேர் இருக்கு. மீக்ஸ்த்."

"மிக்சரோ?" என்றார் சுபாஸ்கரன்.

"மிக்சர் இல்லை மாமா, மீக்ஸ்த். கலந்தது. ஆம்பிளை, பொம்பிளை ரெண்டு பேருமே ஓடலாம் எண்டு செய்தது. நான் பெரியம்மாவுக்கு இதெல்லாம் அப்பவே சொல்லிப்போட்டனே!"

"எப்ப?"

"ரயர் அனுப்புறதுக்கு முன்னம்."

பஞ்சலிங்கத்தார் மெல்லத் திரும்பினார். குணலட்சுமி தென்னை மரத்தில் எத்தனை குரும்பை என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப இவ்வளவு நாளும் நான் சீற்றைப் பதிச்சு, கூடை போட்டு..."

"ஓமப்பா. நல்ல வடிவாய்ச் செய்தியள்."

"சரி. ரெண்டு பேருக்கும் பொதுவெண்டால் ரெண்டு பேருக்கும் பொதுதானே?" என்றார் அவர், கடைசிக் கொழுகொம்பைப் பிடித்து.

"பின்னை? நான் அநியாயம் சொல்லுவனே? பாதிப் பாதி. ஓடுறது நான். காத்தடிச்சு எண்ணெய் விடுறது நீங்கள்."

"அதென்ன பாதி?"

"உங்கடை மோட்டச் சயிக்கிளிலை நான் பங்கு கேட்டனானே?"

பஞ்சலிங்கத்தார் குனிந்து காற்றடிக்கும் பம்மை எடுத்தார்.   இரண்டு சில்லுக்கும் காற்றடித்தார்.

குணலட்சுமி தைத்த பிளவுஸ்களைக் கூடைக்குள் அடுக்கினாள். சேலையை இடுப்பில் செருகினாள். படலை தாண்டும்வரை கொஞ்சம் ஆடினாள். ஒழுங்கைக்கு இறங்கியதும் ஆட்டம் நின்றது. வளைவில் ஒருமுறை மணியை அடித்தாள். தேவையில்லாமல்தான் அடித்தாள். பஞ்சலிங்கத்தாரின் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று, அவருடைய அனுமதி இல்லாமலே சந்தோசப்பட்டது.

"பார் தம்பி, என்ன மாதிரிப் போகுது எண்டு! பிரான்ஸ் சாமான்!" என்றார் சுபாஸ்கரனிடம். "சனம் பாக்கட்டும்."

சுபாஸ்கரன் விழுந்து விழுந்து சிரித்தார். "அண்ணை, கடைசியிலை உங்களைப் பம்படிக்க வைச்சிட்டா!"

ஒழுங்கையையே பார்த்துக்கொண்டு நின்ற தக்சாயினி திரும்பினாள்.

"பஞ்சண்ணை, அடுத்தமுறை கொடிகாமம் போனால் எனக்கும் உப்பிடி ஒண்டு பாருங்கோ. காத்தடிக்க எங்கடை வீட்டிலையும் ஆள் இருக்கு."