தற்செயலை ஒழித்தவர்

தற்செயல் என்று ஒன்று கிடையவே கிடையாது என்று சாதிக்கும் ஓர் இனம் உண்டு. நீங்களும் பார்த்திருப்பீர்கள். வீட்டுக்கு ஒருவராவது இருப்பார்; எங்கள் வீட்டுக்கு வாய்த்தவர் என் அக்காவின் கணவர்.

"மாமா, வழியில பழைய சிநேகிதனைத் தற்செயலாப் பார்த்தேன்" என்று இவரிடம் வாய்தவறிச் சொல்லிவிடாதீர்கள். நீங்கள் கிளம்பிய நேரம், சிநேகிதனின் செருப்பு அறுந்த இடம், குறுக்கே வந்த லாரி, அந்த லாரியைத் தாமதப்படுத்திய மழை, மழைக்குக் காரணமான கடல் என்று பின்னாலேயே போய், உலகம் உண்டான நாளில் கொண்டுபோய் உங்களை நிறுத்துவார். அதற்குள் டீ ஆறிவிடும். அதற்கும் காரணம் வைத்திருப்பார்.

அக்கா கையிலிருந்து டம்ளர் விழுந்தால், அது கை தவறியதாகாது. "மனசு எங்கயோ இருந்திருக்கு!" இவர் கையிலிருந்து விழுந்தால்? டம்ளர் செய்தவன் சரியில்லை.

எதிர் வீட்டு இயற்பியல் டீச்சர் ஒருமுறை இவரை மடக்கப் பார்த்தார்.

"சில அணு தானாவே சிதையும் சார். எது எப்பச் சிதையும்னு யாராலயும் சொல்ல முடியாது. அதுக்குக் காரணமே இல்லைன்னுதான் நிறைய பேர் சொல்றாங்க."

"காரணம் இல்லையா, உங்களுக்குத் தெரியலையா?"

டீச்சர் பதில் சொல்லக் கொஞ்சம் யோசித்தார். அந்த யோசனையையே மாமா தன் வெற்றியாக எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

இப்படியிருக்க, அவர்களுடைய கம்பெனிக் குடியிருப்பில் தரைத்தள வீடு ஒன்று காலியானது. அக்காவுக்கு முழங்கால் வலி; குடியிருப்பதோ நாலாவது மாடி; லிஃப்ட் கிடையாது. கேட்டவர்கள் ஐந்து குடும்பம். அவரவர் பெயரை எழுதிப் போட்டுக் குலுக்குவது, போட்டியில் இல்லாத டீச்சர் ஒரு சீட்டை எடுப்பது என்று முடிவாயிற்று. குலுக்கல் அன்று காலையிலிருந்து அக்கா முழங்காலைத் தேய்த்துவிட்டபடியே இருந்தாள். எனக்குப் பாவமாக இருந்தது.

மாமா மட்டும் தெம்பாக இருந்தார். "குலுக்கல்னு சும்மா சொல்றாங்கடா. தடியா எது இருக்கோ அதுதான் கைல முதல்ல தட்டுப்படும்." எல்லோரும் தாளைக் கிழித்து எழுதிப் போட, இவர் பழைய காலண்டர் அட்டையை வெட்டி, எழுதி, நாலாக மடித்துப் போட்டார்.

டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு டப்பாவுக்குள் கைவிட்டார். கை உள்ளே கொஞ்சம் தயங்கியது. வெளியே வந்தது வேறு யாருடைய பெயரோ.

திரும்பிப் படியேறும்போது டீச்சர் அக்காவிடம் சொன்னார்: "முதல்ல ஒரு சீட்டு சிக்குச்சுங்க. ரொம்பத் தடியா இருந்துது. யாரோ அடையாளம் வெச்சிருக்காங்கன்னு அதை விட்டுட்டு வேற எடுத்தேன். யாரோடதுன்னு தெரியல."

அக்காவுக்குத் தெரியும். அட்டையை வெட்டக் கத்தரிக்கோல் எடுத்துக் கொடுத்ததே அவள்தான்.

மேல்படியிலிருந்து மாமாவின் குரல் துள்ளிக்கொண்டு வந்தது. "முதல்ல சிக்கினது என்னுது! பார்த்தியா, நான் சொல்லல? எதுக்கும் ஒரு காரணம் இருக்கு!"

இரண்டாவது மாடியில், கைப்பிடியைப் பிடித்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்தாள்.

"இருக்கு. எனக்கு முன்னாடி ஏறிப் போயிட்டிருக்கு."

சிரிக்கிறீர்களா? குடை எடுக்காத நாளாகப் பார்த்துத்தான் பெய்கிறது என்று போன மழைக்கு வானத்தை முறைத்தது யார்? தான் நிற்கிற வரிசை மட்டும் நகராது என்று பக்கத்து வரிசைக்குத் தாவியது யார்? நீங்கள் அந்த இனம் இல்லை என்கிறீர்கள், நல்லது. எதற்கும் உங்கள் வீட்டில் கத்தரிக்கோல் எடுத்துக் கொடுப்பவரை ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.