மொத்தக் கத்தி

மலைநாட்டில் உத்தியோகம் பார்க்கிற மனிதனுக்கு மானத்துக்கு அடுத்தபடி தேவையானது ஒரு மொத்தமான கத்தி என்பது சோலைமலைக் கணக்கப்பிள்ளையின் உறுதியான கொள்கை. இலங்கையில் டிக்கோயாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், செடிகளின் கிளைகளை வெட்டிவிடுகிற கவ்வாத்து ஆட்களை மேய்ப்பது அவருடைய வேலை. சுதந்திரம் வந்த கையோடு வெள்ளைக்காரத் துரை சீமைக்குக் கப்பலேறியபோது பங்களாச் சாமான்களை வாரிக் கொடுத்துவிட்டுப் போனார். மற்றவர்கள் கட்டிலுக்கும் நிலைக்கண்ணாடிக்கும் அடித்துக்கொண்டார்கள். சோலைமலை துரையின் வேட்டைக் கத்தியைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

கத்தி என்றால் அதுவல்லவோ கத்தி! முதுகே சுண்டுவிரல் கனம். இடுப்பு வாரில் மாட்டிக்கொண்டு நடந்தால், 'நீ பெரிய ஆள், நீ பெரிய ஆள்' என்று தொடையில் தட்டிக்கொண்டே வரும். காட்டில் மரம் சாய்ந்து வழியை மறித்தால் வெட்டலாம், வெள்ளம் வந்தால் கொடி அறுத்துப் பாலம் கட்டலாம் என்று பார்த்தவரிடமெல்லாம் விளக்கம் சொல்வார். அவர் போகிற வழியெல்லாம் தோட்டத்து ரோடு என்பதால் இரண்டுக்கும் வாய்ப்பில்லாமல் இருந்தது. ஒருநாள் அவர் மனைவி நாகலெட்சுமி அதைப் பூசணிக்காய் மேல் வைத்து அழுத்தினாள். பூசணிக்காய் உருண்டு வாசலுக்குப் போய்விட்டது.

"கத்தியா இது? கடப்பாறைய இடுப்புல கட்டிக்கிட்டுத் திரியிறீங்க."

"ஒனக்கென்னடி தெரியும்? இது வெளிவேலைக்கு உள்ள கத்தி."

"அப்ப வெளியவே வச்சிக்கிங்க."

மற்ற உத்தியோகத்தர்கள் சும்மா இருப்பார்களா? தேயிலைத் தொழிற்சாலையைப் பார்க்கிற டீமேக்கர் அதே மாதிரி ஒன்று வாங்கினார். நாற்காலியை விட்டு எழுந்தாலே மூச்சு வாங்குகிற பெரிய கிளாக்கர், காகிதம் பறக்காமல் இருக்கப் பாரம் வைக்க என்று சாக்குச் சொல்லி அவரும் வாங்கினார். மருந்துக்காரர் ஊசியோடு வரும்போது இடுப்பில் கத்தி தொங்குவதைக் கண்டு, பாதி நோயாளிகள் தாமாகவே குணமடைந்து எழுந்து போனார்கள்.

கொழும்பிலிருந்து புதுத் துரை வந்தார். நம் நாட்டுக்காரர்தான், ஆனாலும் துரை துரைதானே. அவரும் ஒரு மொத்தக் கத்தியோடுதான் ஜீப்பை விட்டு இறங்கினார். மாலை போட நின்ற உத்தியோகத்தர்களின் இடுப்பைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கியது. பங்களாவுக்குப் போனால், தேத்தண்ணீர் கொண்டுவந்த சமையல்கார அப்புவின் இடுப்பிலும் ஒன்று! துரைத்தனத்துக்கே வந்த ஆபத்து அல்லவா இது?

மறுநாள் காலை, ஆட்களுக்கு வேலை பிரிக்கிற பெரட்டில் சோலைமலையைக் கூப்பிட்டார்.

"இந்தத் திக் கத்தி எல்லாம் ஆபீசுக்கு வரணும். ஆளுங்களுக்குத் தமிழ்ல சொல்லு."

சோலைமலை தன் இடுப்புக் கத்தியை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார். இருந்தாலும் உத்தரவு உத்தரவுதான். தமிழறிவு உள்ளவராகையால் 'திக்' என்ற இங்கிலீசுச் சொல்லைத் தமிழாக்குவதில் மிகவும் கவனம் எடுத்துக்கொண்டார். 'தடித்த கத்தி' என்றால் துரையின் பெருத்த உடம்பைக் குத்திக்காட்டுவது போலாகும். 'பருத்த' என்றாலும் அதே வம்பு. ஆகவே 'மொத்தக் கத்தி' என்று மரியாதையாக முடிவுசெய்து, தப்படிக்கிற சின்னத்தம்பியிடம் சொல்லி அனுப்பினார். சின்னத்தம்பி எதையும் கொஞ்சம் கைச்சரக்குச் சேர்த்துச் சொல்கிறவன்.

"மொத்தக் கத்தியையும் ஆபீசுல ஒப்படைக்கணுமாம்! தொரை உத்தரவு!" என்று ஆட்கள் குடியிருக்கிற லயம் லயமாகப் போய் முழங்கிவிட்டான்.

மொத்தம் என்றால் நம் சனத்துக்குக் கனமும்தான், முழுசும்தான். அவர்கள் முழுசையே எடுத்துக்கொண்டார்கள். கவ்வாத்துக் கத்திகள் வந்தன. அரிவாள்மணைகள் வந்தன. சவரக் கத்தியும் பாக்குவெட்டியும் வந்தன. அம்மாக்கண்ணு தேங்காய்த் துருவியைக் கொண்டுவந்து, "பல்லு இருக்குங்களே, இதுவும் சேத்தியாங்க?" என்று பணிவாகக் கேட்டாள். பூசாரி, முனியாண்டி சாமியின் கையிலிருந்த அரிவாளைக் கழற்றிக்கொண்டு வந்து, சாமிக்கு ஆட்சேபணை இல்லை என்று தெரிவித்தார்.

அடுத்த நாள் கவ்வாத்து ஆட்கள் வெறுங்கையோடு தேயிலை மலையில் வரிசையாக நின்றார்கள். துரை ஜீப்பில் வந்து இறங்கினார்.

"ஏன் வேலை செய்யல்ல?"

சங்கத் தலைவர் வீரய்யா முன்னுக்கு வந்தார். "கத்தி ஆபீசுல இருக்குங்க தொரை. நாங்க தயாராத்தான் நிக்கிறோம். இன்னைக்கிச் சம்பளத்துக்குப் பேரு மட்டும் போட்டுருங்க."

"வேலை இல்லாமப் பேரா? யார் கத்தியக் குடுக்கச் சொன்னது?"

"தொரைதாங்க. முனியாண்டி சாமியே குடுத்துருச்சு. நாங்க மாட்டோம்னு சொல்ல முடியுங்களா?"

துரை சோலைமலையைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் தன் உத்தியோகமும் குவார்ட்டர்ஸும் ஒன்றாகப் பள்ளத்தில் உருளுவதைச் சோலைமலை கண்டார். உள்ளபடியே பயந்துபோனார்.

எல்லாக் கத்தியும் மலைக்குக் கொண்டுவரப்பட்டது. எது மொத்தம், எது மெல்லிசு என்று தீர்மானிக்கத் துரை அங்கேயே ஒரு சட்டம் போட்டார். வெட்டுகிற கத்தி மெல்லிசு, உடையவன் எடுத்துக்கொள்ளலாம். வெட்டாத கத்தி மொத்தம், அது ஆபீசுக்கு. கவ்வாத்து ஆட்கள் ஆளுக்கொரு கிளையை வெட்டிக் காட்டிவிட்டுக் கத்தியோடு போனார்கள். சோலைமலையின் முறை வந்தது.

"இது திக் கத்தி," என்றார் துரை.

கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் வெறும் இடுப்போடு எப்படி லயத்தைக் கடந்து நடப்பது? இத்தனை வருசமாகக் கனத்தைப் பற்றிப் பெருமையடித்த வாய் கூசாமல் சொன்னது: "இல்லீங்க தொரை, மெல்லிசு."

"அப்படியா? இந்த நிரை முழுக்க வெட்டு."

சோலைமலை வெட்டினார், அதாவது அடித்தார். கிளைகள் அறுபடாமல் நார்நாராகக் கிழிந்து தொங்கின. அவரைப் பார்த்து டீமேக்கரும், கிளாக்கரும், மருந்துக்காரரும் தத்தம் கத்தி மெல்லிசுதான் என்று சத்தியம் செய்துவிட்டு ஆளுக்கொரு நிரையில் இறங்கினார்கள். பொழுது சாயும்போது கையெல்லாம் கொப்புளம். உத்தியோகத்தர்களுக்குக் கவ்வாத்துக் கூலிக்குப் பேர் போட வேண்டியதில்லை என்பதால் துரைக்கு மகா சந்தோசம். கத்திகள் மெல்லிசு என்று ஏற்றுக்கொள்ளப்பட்டன.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு கையிலும் கட்டு, இடுப்பில் கத்தி என்ற கோலத்தில் சோலைமலை ஹட்டன் டவுனுக்குப் போனார். இரும்புக்கடை ஹசன் முதலாளி பதறிவிட்டார்.

"அல்லாவே! கையில என்ன கணக்கப்பிள்ள?"

"சிறுத்தைங்க, முதலாளி. நல்ல வேளை, இந்தக் கத்தி இருந்துச்சு."

சொல்லிவிட்டுத் திரும்பினால், பின்னால் வீரய்யாவும் இரண்டு கவ்வாத்து ஆட்களும் நிற்கிறார்கள். சோலைமலைக்கு உயிரே போய்விட்டது. வீரய்யா அவரை மேலும் கீழும் பார்த்தார். தோட்டத்து மானத்தை டவுனில் விட்டுக்கொடுக்க முடியுமா?

"ஆமாங்க முதலாளி. நாங்க எல்லாரும் பாத்துக்கிட்டுத்தான் நின்னோம். ரெண்டு சிறுத்தை."

பிறகு மெதுவாகக் கடைப் பலகையில் சாய்ந்துகொண்டு, "அந்த மாதிரி மொத்தமானது ஒண்ணு எடுங்க, பாப்போம்," என்றார்.

"உங்களுக்கா? நல்ல கவ்வாத்துக் கத்தி வெச்சிருக்கீங்களே?"

"அது வெறும் வெட்டுறதுக்குத்தானுங்களே!" என்றார் வீரய்யா. பின்னால் நின்ற இருவரும் தங்களுக்கும் ஆளுக்கொன்று எடுக்கச் சொன்னார்கள்.