மேனேஜருக்கு ஏற்ற பண்பாடு

பண்பாடு என்பது ரத்தத்தில் ஊறி வருவது. அதைக் கடையில் வாங்க முடியாது, காசு கொடுத்துக் கற்கவும் முடியாது. இரண்டாயிரத்து ஒன்பதாம் வருஷத்துப் பொங்கல் விழாவில், அமெரிக்காவின் எடிசன் நகரத்துப் பள்ளிக்கூட அரங்கம் ஒன்றில், கஸ்தூரிரங்கன் மைக்கைப் பிடித்துக்கொண்டு இப்படி முழங்கினார். கைதட்டல் வெகு நேரம் நீடித்தது. மறுநாள் காலை காப்பி குடித்த கையோடு கிரெடிட் கார்டை எடுத்து, ஒன்பது வயது மகள் அதிதியை யூதக் குழந்தைகளுக்கான ஆன்லைன் நற்பண்பு வகுப்பில் சேர்த்துவிட்டார்.

"ஏன்னா, நேத்து மைக்ல என்ன சொன்னேள்?" என்றாள் மனைவி அனந்தலக்ஷ்மி.

"அது ஊருக்குச் சொன்னது. இது ஆபீஸுக்கு."

ஆபீஸில் நிலைமை சரியில்லை. ஆள் குறைக்கப்போகிறார்கள். யார் இருக்கலாம், யார் போகலாம் என்று முடிவு செய்யப்போகிறவர் புதிதாக வந்த மேனேஜர் ஆரன் ஸ்டெர்ன். கஸ்தூரிரங்கனின் கிரீன் கார்டு விண்ணப்பம் அந்த வேலையை நம்பி நின்றது. வேலை போனால் கிரீன் கார்டும் போச்சு. பெட்டியைக் கட்டிக்கொண்டு மாம்பலம் திரும்ப வேண்டியதுதான். அங்கே அவர் தம்பி கார் வாங்கி, வீடு கட்டி, மாடியும் எடுத்துவிட்டான்.

ஸ்டெர்ன் யூதர் என்பது கஸ்தூரிரங்கனின் கண்டுபிடிப்பு. ஆபீஸில் யாருடைய மதத்தைப் பற்றியும் கேட்கக் கூடாது என்று ஹெச்.ஆர். ஆட்கள் உட்கார வைத்துப் பாடம் நடத்தியிருந்தார்கள். கேட்கக் கூடாது என்றார்களே தவிர, கண்டுபிடிக்கக் கூடாது என்று சொல்லவில்லை. மாம்பலத்தில் ஒருவர் டம்ளரைத் தூக்கிக் குடிக்கிற அழகிலேயே அவருக்கு எந்த ஊர், எந்தத் தெரு, எந்தத் தெருக்கோடி என்று சொல்லக்கூடியவர் கஸ்தூரிரங்கன். ஸ்டெர்னுக்குத் தாடி இருந்தது. வெள்ளிக்கிழமை நாலு மணிக்கெல்லாம் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். டீம் லஞ்சில் தட்டில் இருந்த, யூதர்களுக்கு ஆகாத இறாலை ஓரமாக ஒதுக்கினார். இதற்கு மேல் என்ன வேண்டும்?

"எதுக்குப்பா இவ்ளோ ஆராய்ச்சி? நேராவே கேட்டுடேன்" என்றான் பக்கத்துச் சீட்டு சேனாபதி.

"கேட்டா வேலை போயிடும்."

"கேக்காமலே போகப்போறது. கேட்டுட்டுத்தான் போகட்டுமே."

வகுப்பு நடத்தியவர் பால்டிமோரில் இருந்த மிஸஸ் வெக்ஸ்லர். கோயிலோ கூட்டமோ பக்கத்தில் இல்லாத சின்ன ஊர்களில் வளரும் யூதக் குழந்தைகளுக்கு, ஞாயிற்றுக்கிழமை தோறும் தன் சமையலறையில் வெப்கேமைத் திருப்பி வைத்துக்கொண்டு பாடம் எடுப்பவர். ஒரு பெண் அலாஸ்காவிலிருந்தெல்லாம் வந்தாள். கஸ்தூரிரங்கன் போன் செய்தபோது அந்த அம்மாள் சிறிது யோசித்தார்.

"எங்க குழந்தைங்களுக்காக நடத்தறது இது. ஆனா கத்துக்கணும்னு வர்ற குழந்தையைத் திருப்பி அனுப்பறது வழக்கமில்லை. உக்காந்து கேக்கட்டும். ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. உங்க வீட்டுல இல்லாத எந்தப் பண்பு அவளுக்கு வேணும்?"

முந்தின நாள் மைக்கில் முக்கால் மணி நேரம் பேசியவர் ஒரே வார்த்தையில் பதில் சொன்னார்.

"பொதுவா," என்றார்.

முதல் பாடம் நாவடக்கம். எதிரில் இல்லாதவரைப் பற்றிப் பேசக் கூடாது. அவர் பேர் கெடுகிற மாதிரி உண்மையைக்கூடச் சொல்லக் கூடாது. மிஸஸ் வெக்ஸ்லர் மாவு பிசைந்துகொண்டே இதைச் சொன்னார். அதிதி ஹெட்போனைக் கழற்றாமல் இரண்டு தடவை தலையாட்டினாள்.

அன்று மத்தியானம் மூவரும் காய்கறி வாங்க ஓக் ட்ரீ ரோடுக்குப் போனார்கள்.

"சேனாபதி வாங்கியிருக்கானே ஒரு வீடு," என்று ஆரம்பித்தார் கஸ்தூரிரங்கன். "பேஸ்மென்ட்ல..."

"அப்பா, ஈஸ் சேனாபதி அங்கிள் இன் திஸ் கார்?" என்றது பின்சீட்டு.

"இல்லை. ஏன்?"

"தென் வீ கான்ட்."

அனந்தலக்ஷ்மி சிரித்தாள். "அது கிடக்கட்டும்னா. அந்த டாக்டர் மாமி நேத்து கட்டிண்டு வந்தாளே ஒரு புடவை..."

"ஷீ ஈஸ் நாட் ஹியர் ஐதர்."

அதற்கப்புறம் காரில் சத்தமே இல்லை. கல்யாணமான நாளிலிருந்து தாங்கள் இருவரும் மற்றவர்களைப் பற்றி மட்டுமே பேசி வந்திருக்கிறோம் என்பது அப்போதுதான் இருவருக்கும் தெரிந்தது. கத்தரிக்காய் விலை பற்றிக் கொஞ்சம் பேசினார்கள். அதுவும் சீக்கிரம் தீர்ந்துபோயிற்று.

அடுத்த சனிக்கிழமை, ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் பாட்லக் விருந்தில், நான்கு மாமிகள் வட்டமாக உட்கார்ந்து ஐந்தாவது மாமியை ஆராய்ந்துகொண்டிருந்தபோது, அதிதி தட்டும் கையுமாக நடுவில் போய் நின்றாள். "ஆன்ட்டி, இஃப் ஷீ இஸ் நாட் ஹியர், யூ ஷுட் ஸ்டாப்" என்று ரொம்ப மரியாதையாகச் சொன்னாள். அதற்கு அடுத்த விருந்துக்கு அழைப்பு வரவில்லை.

"போதும், நிறுத்துங்கோ," என்றாள் அனந்தலக்ஷ்மி. "இப்படியே போனா எடிசன்ல நமக்குன்னு ஒரு மனுஷா இருக்க மாட்டா."

"இப்ப நிறுத்த முடியாது. ஸ்டெர்ன் காதுல போட்டாச்சு."

காப்பி மெஷின் பக்கத்தில் அவரை மடக்கி, "என் பொண்ணு ஞாயித்துக்கிழமை வகுப்புக்குப் போறா. பழைய நெறிகள், தர்மங்கள் இதெல்லாம்" என்று சொல்லியிருந்தார் கஸ்தூரிரங்கன். ஸ்டெர்ன், "நல்லது. குழந்தைகளுக்கு அது வேணும்" என்றார். அந்த இரண்டு வாக்கியத்தை வைத்துக்கொண்டு கஸ்தூரிரங்கன் ஒரு வாரம் கவலையில்லாமல் தூங்கினார்.

இருந்தாலும் வீட்டு நிம்மதி வேண்டுமே. மிஸஸ் வெக்ஸ்லருக்குப் போன் செய்து, யாருக்கும் தொந்தரவில்லாத பாடமாக ஏதாவது எடுக்கலாமே என்று பணிவாகக் கேட்டுக்கொண்டார்.

"அடுத்த பாடம் ஓய்வு" என்றார் அந்த அம்மாள்.

கஸ்தூரிரங்கனுக்குத் திருப்தி. ஓய்வினால் யாருக்கு என்ன தொந்தரவு?

வாரத்தில் ஒரு நாள், வெள்ளி சூரியன் மறைந்ததிலிருந்து சனி இரவு வானத்தில் மூன்று நட்சத்திரம் தெரிகிற வரை, வேலையை ஒதுக்கி வைக்க வேண்டும். முடிந்தவர்கள் வீட்டில் ஏதாவது ஒன்றைச் செய்து பாருங்கள் என்று சொல்லி அனுப்பினார் மிஸஸ் வெக்ஸ்லர். அதிதி செய்து பார்த்தாள். சனிக்கிழமை காலை எழுந்து பார்த்தால் கஸ்தூரிரங்கனின் செல்போனைக் காணோம். லேப்டாப்பையும் காணோம். ஆபீஸ் சர்வர் எதுவும் படுத்தால் எழுப்ப வேண்டிய முறை அந்த வாரம் அவருடையது.

"அதிதி, அப்பா போன் பாத்தியாடா கண்ணா?"

"யெஸ். எங்க இருக்குன்னு தெரியும். த்ரீ ஸ்டார்ஸ் வந்தப்புறம் சொல்றேன்."

கெஞ்சினார். அதட்டினார். ஐஸ்க்ரீம் வரைக்கும் இறங்கினார். சாயங்காலம் மூவரும் கோட்டு மாட்டிக்கொண்டு கொல்லைப்புறத்தில் நின்று அண்ணாந்து பார்த்தார்கள். நியூ ஜெர்சியின் பிப்ரவரி வானத்தில் மூன்று நட்சத்திரம் தேடுவது லேசல்ல. மேகம் கம்பளி மாதிரி மூடியிருந்தது.

"அதோ ஒண்ணு," என்றார் கஸ்தூரிரங்கன்.

"அப்பா, தட்ஸ் எ ப்ளேன்."

ஞாயிற்றுக்கிழமை காலைதான் போன் அரிசி டப்பாவிலிருந்து வெளிவந்தது. சர்வர் வெள்ளி இரவே படுத்துவிட்டிருந்தது. ஸ்டெர்னிடமிருந்து வந்த அழைப்புகள் திரையில் அடங்கவில்லை.

திங்கட்கிழமை ஸ்டெர்ன் கதவைச் சாத்திவிட்டு, "என்ன ஆச்சு?" என்றார்.

எதிரிலிருந்த தாடியைப் பார்த்ததும் கஸ்தூரிரங்கனுக்குத் தைரியம் வந்தது. "எங்க வீட்டுல வெள்ளி அஸ்தமனத்துலேர்ந்து சனி நட்சத்திரம் வர்ற வரைக்கும் போன், கம்ப்யூட்டர் எதையும் தொடறதில்லை. மத நம்பிக்கை. சொன்னா உங்களுக்குப் புரியும்."

ஸ்டெர்ன் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "இத்தனை நாள் எனக்குத் தெரியாம போச்சே. மன்னிச்சுக்கோங்க" என்றார்.

"மனுஷனுக்குக் குரல் தழுதழுத்துப் போச்சு" என்றார் கஸ்தூரிரங்கன் வெளியே வந்து.

"அவருக்கு ரெண்டு நாளா ஜலதோஷம்" என்றான் சேனாபதி.

வீட்டில் அனந்தலக்ஷ்மி இதைக் கேட்டுவிட்டு, "ஏகாதசி அன்னிக்கு பீட்சா வரவழைச்சுத் தின்னவர், சனிக்கிழமை விரதமா?" என்றாள்.

மூன்றாவது பாடம் உண்மை. நமக்குக் கஷ்டம் வந்தாலும் உண்மையைச் சொல்ல வேண்டும். கேட்டால் மறைக்கக் கூடாது. வகுப்பு முடிந்ததும் அதிதி நேராக அப்பாவிடம் வந்தாள்.

"அப்பா, போன வாரம் டை கட்டிண்டு ட்ரெயின்ல மன்ஹாட்டன் இன்டர்வியூ போனியே, ஆபீஸ்ல ஃபீவர்னு சொன்னே."

"லேசா ஜுரம் இருந்தது."

"நோ. யூ வேர் விஸ்லிங்."

அந்த நேரத்தில் கஸ்தூரிரங்கன் ஏற்கெனவே ஒரு காரியம் செய்து முடித்திருந்தார். ஆள் குறைப்புப் பட்டியல் வருகிற திங்கட்கிழமை என்று தெரிந்ததும், அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஸ்டெர்னையும் அவர் மனைவி கேரலையும் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டுவிட்டார். அவர்களும் உடனே சரி என்றுவிட்டார்கள்.

"இவளை அன்னிக்கு யாராத்துக்காவது அனுப்பிடலாமா?" என்றாள் அனந்தலக்ஷ்மி.

"யாராத்துக்கு? யாரும்தான் நம்மளக் கூப்பிடறதில்லையே. தவிர, அன்னிக்கு ஹீரோயினே அவதான்."

ரொட்டியைப் பிட்பதற்கு முன் சொல்லும் ஹீப்ரூ பிரார்த்தனையை அதிதி வகுப்பில் கேட்டுக் கேட்டே மனப்பாடம் செய்திருந்தாள். விருந்தில் அதைச் சொல்லலாமா என்று டீச்சரைக் கேட்டுவரச் சொன்னார் கஸ்தூரிரங்கன். மிஸஸ் வெக்ஸ்லர் சொல்லியனுப்பிய பதில்: "மனசோட சொன்னா சொல்லலாம். ஆனா விருந்தாளி சங்கடப்படாம இருக்கறதுதான் விருந்து. உங்கப்பாவை ஷோ காட்ட வேண்டாம்னு சொல்லு." பதிலில் 'சொல்லலாம்' வரைக்கும்தான் கஸ்தூரிரங்கன் காதில் விழுந்தது.

யூத பேக்கரி ஒன்றைத் தேடிப் போய் ஜடை பின்னினாற்போன்ற ரொட்டி இரண்டு வாங்கி வந்தார். மேஜையில் வெள்ளைத் துணி விரித்து இரண்டு மெழுகுவர்த்தி நட்டார்.

"நம்மாத்துல மெழுகுவர்த்தி ஏத்தினா யாருக்கோ பர்த்டேன்னு நெனச்சுப்பா," என்றபடி அனந்தலக்ஷ்மி ரொட்டிக்குப் பக்கத்தில் பருப்பு உசிலியையும், சாத்தமுது என்று அவர்கள் சொல்லும் ரசத்தையும் கொண்டுவந்து வைத்தாள்.

ஸ்டெர்ன் தம்பதி சூரியன் சாய்வதற்கு முன்பே வந்துவிட்டார்கள். கேரல் பூங்கொத்து கொண்டுவந்திருந்தாள். மேஜையையும் மெழுகுவர்த்தியையும் பார்த்துவிட்டு இருவரும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். கஸ்தூரிரங்கன் அதைக் கவனித்தார். காரியம் பலித்துக்கொண்டிருந்தது.

உட்கார்ந்ததும் ஸ்டெர்ன் நாப்கினை மடியில் விரித்தபடி, "கேக்கணும்னே இருந்தேன்," என்றார். "அன்னிக்கு உங்களுக்கு ஜுரம்னு சொன்னீங்களே. இப்ப எப்படி இருக்கு?"

அதிதி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "ஆக்சுவலி..." என்று வாயைத் திறந்தாள்.

கஸ்தூரிரங்கனுக்கு மாம்பலம் ரயில்வே ஸ்டேஷன் கண்ணில் தெரிந்தது. பிளாட்பாரத்தில் தம்பி நின்றுகொண்டிருந்தான்.

"அதிதி, பிரேயர்," என்றார். "மொதல்ல பிரேயர் சொல்லும்மா. அப்புறம் பேச்செல்லாம்."

அதிதி திறந்த வாயை மூடிக்கொண்டாள். பிறகு எழுந்து நின்று, ரொட்டியின் மேல் கை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு சொல்ல ஆரம்பித்தாள். தொண்டையின் அடியிலிருந்து எழும்ப வேண்டிய ஒலிகள் அங்கிருந்தே எழும்பின. அவள் ஷோ காட்டவில்லை. அந்த வீட்டில் அதை மனதோடு சொன்னவள் அவள் ஒருத்திதான். அனந்தலக்ஷ்மிகூடக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

முடிந்ததும் அதிதி உட்கார்ந்தாள். கேரல் நாப்கின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஸ்டெர்ன் கஸ்தூரிரங்கன் பக்கம் திரும்பினார்.

"திங்கட்கிழமை சொல்லலாம்னு இருந்தேன். இப்பவே சொல்லிடறேன். பட்டியல்ல உங்க பேர் இருந்தது. அந்த சனிக்கிழமை விவகாரம்தான். நான் மேலிடத்துல சண்டை போட்டேன். ஒருத்தர் தன் மதத்தை ஒழுங்காக் கடைப்பிடிக்கறார்ங்கறதுக்காக அவரை வீட்டுக்கு அனுப்ப முடியாதுன்னு சொன்னேன். எடுத்துட்டாங்க. இனிமே சனிக்கிழமை உங்களை யாரும் கூப்பிட மாட்டாங்க. அதுக்கு நான் பொறுப்பு."

கஸ்தூரிரங்கனுக்கு உடம்பெல்லாம் லேசாயிற்று. மேஜைக்கு அடியில் மனைவியின் காலை மிதித்தார். தன் வழியில் நடக்கிறவனை ஒரு யூதர் கைவிடுவாரா என்று நெகிழ்ந்து, ரொட்டியைப் பிட்டு முதல் துண்டை ஸ்டெர்னுக்கும் அடுத்ததை கேரலுக்கும் கொடுத்தார். கேரல் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு அதிதியைப் பார்த்தாள்.

"எங்க சர்ச்சுல சாப்பாட்டுக்கு முன்னால சொல்றது ரெண்டே வரிதான், அதுவும் வெறும் இங்கிலீஷ்" என்றாள். "தமிழ் இவ்வளவு அழகா இருக்கும்னு எனக்குத் தெரியவே தெரியாது."